கண்ணுக்கு ஒரு பேழை

நீரைப் பார்ப்பது எளிது. நீரோடு இருந்து பார்ப்பது அரிது. கரையில் நின்று கடலைப் படமெடுத்தோர் பல்லாயிரவர். அவர்தம் படங்களில் அலை இருக்கும், தோணி இருக்கும், செவ்வானமும் இருக்கும். ஆனால் அந்த அலைக்குள் கழுத்தளவு நீரில் நின்று உழைக்கும் மனிதர், அப்படங்களில் ஒரு கரும்புள்ளியாகவே தெரிவார். அவர் முகத்தை அறிய வேண்டுமாயின், அவர் நிற்கும் நீரில் காமிராவும் இறங்கியாக வேண்டும். காமிராவோ நீருக்குப் பகை. உப்புநீர் உள்ளே புகுந்துவிட்டால், மின்சுற்றுகள் அரிக்கப்பட்டு, விலையுயர்ந்த கருவி சிறிது நேரத்தில் வெறும் உலோகமாகிவிடும்.

இப்பகையைத் தணிக்கும் நடுவராக நிற்பதே நீர்க்காப்புப் பெட்டி. தொழிலில் உள்ளவர்கள் இதனை 'ஹவுசிங்' என்பர். நாம் இங்கே பேழை என்போம். பேழை என்றதும் நம் வாசகர்களுக்கு நோவா நினைவில் வருவார். உள்ளும் புறமும் கீல் பூசப்பட்ட அப்பேழை, உள்ளிருந்தோரை நீரிலிருந்து காத்தது. நாம் பேசும் பேழைக்கு அதற்கு மேலும் ஒரு பணி உண்டு. உள்ளே இருக்கும் கண் வெளியே பார்க்க வேண்டும். அதன் பொத்தான்களை வெளியிலிருந்து ஒரு கை இயக்க வேண்டும். முற்றும் மூடியும் இருக்க வேண்டும், உலகுக்குத் திறந்தும் இருக்க வேண்டும். தேர்வின் தொல்லைகள் யாவும் இம்முரணிலேயே தொடங்குகின்றன.

ஒரு மூதாட்டியின் கடைசிப் பருவம்

மன்னார் வளைகுடாவில், பாம்பனை ஒட்டிய ஊர்களில், கடலுக்குள் இறங்கிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் உள்ளனர். நீரடிப் பாறைகளைப் பற்றி வளரும் அப்பாசியிலிருந்து அகர் என்னும் பொருள் எடுக்கப்படுகிறது. இனிப்புச் செய்யக் கடையில் கடற்பாசி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் அகர்தான். இப்பெண்களுக்கு மூச்சுக்கருவி ஏதும் இல்லை. கண்ணுக்கு ஒரு நீர்க்கண்ணாடி, காலுக்கு ரப்பர்ச் செருப்பு, இடுப்பில் வலைப்பை, விரல்களில் சுற்றிய துணி: இவ்வளவே அவர்களது கருவிகள். மூச்சை அடக்கி மூழ்குவர், பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துப் பையில் இடுவர், மேலே வந்து மூச்சு வாங்குவர், மீண்டும் மூழ்குவர். இவ்வாறு பல மணி நேரம்.

இவர்களுள் ஒருவரைப் பற்றிச் சிறியதோர் ஆவணப்படம் எடுக்க நாம் மூவர் முனைந்தோம். அறுபது வயதைக் கடந்தவர் அவர். சிறுமியாக இருந்தபோதே தாயின் கைபிடித்துக் கடலில் இறங்கியவர். "இந்த வருசத்தோட போதும் தம்பி. காது அடைச்சுக்கிருது. முன்ன மாதிரி மூச்சு நிக்க மாட்டேங்குது" என்றார். அவருடைய பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவளது கட்டணத்தில் பெரும்பகுதி பாசியிலிருந்து வந்தது. ஆயினும் பாட்டி கடலுக்குப் போவதையும் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறாளே தவிர, கடலுக்குள் என்ன செய்கிறார் என்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. "மேல நின்னு பாத்தா தண்ணிதான தெரியும்" என்று சிரித்தார் மூதாட்டி.

காற்றும் ஓதமும் ஒத்துவரும் நாள்கள் மாதத்தில் சிலவே. ஒளிப்பதிவு கெட்டுப்போனால், மறு ஆண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. மறு ஆண்டு அவர் கடலில் இருக்கமாட்டார். நம்மிடம் இருந்த பணமும் சிறிது. ஆகவே எந்தப் பேழையை எடுப்பது என்னும் வினாவை வெறும் கடைச்சரக்கு பற்றிய வினாவாக நம்மால் கருத இயலவில்லை.

முன்னோர் கண்ட வழிகள்

நமக்கு முன் இதே வினாவை எதிர்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தோம். 1893-இல் பிரான்சின் தென்கரையில், பன்யூல்-சுர்-மேர் என்னும் ஊரில், லூயி பூத்தான் என்ற உயிரியல் அறிஞர் தம் சகோதரரின் துணையுடன் ஒரு செம்புப் பெட்டி செய்து, அதற்குள் காமிராவை வைத்துக் கடலடியில் படமெடுத்தார். அப்பெட்டியோடு காற்று நிரம்பிய ஒரு ரப்பர்ப் பந்தையும் அவர் இணைத்திருந்தார். ஆழத்தில் நீர் அந்தப் பந்தை அமுக்கும். பந்திலிருந்த காற்று பெட்டிக்குள் நுழையும். உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். நீரை எதிர்த்து நிற்கும் வலிமை பெட்டிக்கு இல்லாதபோது, நீரின் வலிமையையே துணைக்கு அழைத்துக்கொண்ட நுட்பம் இது.

1914-இல் பகாமாஸ் தீவுகளில் ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். காமிராவைப் பேழையில் வைப்பதற்குப் பதிலாக, காமிராவையும் மனிதரையும் சேர்த்தே ஒரு பேழையில் வைத்தார். படகிலிருந்து தொங்கும் நீண்ட குழாய். அதன் அடியில் கண்ணாடிச் சாளரம் கொண்ட ஓர் இரும்புக் கூண்டு. அதனுள் நனையாமல் அமர்ந்து படமெடுத்தார்கள்.

1963-இல் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட நிக்கோனோஸ் என்னும் நிழற்படக் காமிரா மூன்றாவது வழியைக் காட்டியது. ஜாக் கூஸ்தோவுக்காக ழான் து வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்சோ காமிராவின் வழித்தோன்றல் அது. பேழையே அதற்குத் தேவைப்படவில்லை. காமிராவின் உடலே பேழையாயிற்று. 1995-இல் ஜேம்ஸ் கேமரூன் டைட்டானிக் கப்பலின் சிதைவைப் படமெடுக்கச் சென்றபோது, ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில், 380 வளிமண்டலங்களை ஒத்த அழுத்தத்தைத் தாங்கும் பேழையைத் தனியே செய்ய வேண்டியிருந்தது. அதில் அடங்கிய படச்சுருளோ ஒரு முறை மூழ்குவதற்குச் சுமார் 12 நிமிடத்துக்கே போதுமானது.

இவர்களுள் எவர் செய்தது சிறந்த பேழை? இக்கேள்விக்குப் பொருள் இல்லை. தாம் சந்திக்கப்போகும் நீர் எத்தகையது என்பதை ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொண்டனர். பேழை அதன்பின் தானே உருவாயிற்று.

எந்த நீர்?

படமெடுப்பவனுக்கு நீர் நான்கு வகை. மேலிருந்து விழும் மழை ஒன்று. பக்கவாட்டில் மோதித் தெறிக்கும் சாரல் மற்றொன்று. பாதி மேலும் பாதி கீழுமாகக் காமிரா நிற்கும் நீர்விளிம்பு மூன்றாவது. முழுதும் மூழ்கும் ஆழம் நான்காவது. ஒன்றை வெல்லும் காப்பு மற்றொன்றிடம் தோற்கலாம்.

கருவிகளின் மீது அச்சிடப்படும் ஐ.பி. குறியீட்டை வாசகர் பலர் தம் கைப்பேசியில் கண்டிருப்பர். நீரைப் பற்றிய எண் அதில் இரண்டாவதாக நிற்பது. 4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதற்கும் மேல், தயாரித்தவர் குறிப்பிடும் அளவுக்குத் தாங்கும். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, 7 என்னும் எண் பெற்ற கருவி, பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. அது 5, 6 ஆகிய எண்களுக்குரிய தனிச் சோதனை. இரண்டாவது, இச்சோதனைகள் நன்னீரில் நடப்பவை; உப்பும் மணலும் அலையும் அங்கே இல்லை. நீர்க்காப்பு உண்டு என்று விளம்பரப்படுத்தப்படும் கைப்பேசிகளுக்கும், நீரால் விளையும் பழுது பெரும்பாலும் உத்தரவாதத்தில் அடங்குவதில்லை.

மூதாட்டி உழைக்கும் நீர் கழுத்தளவிலிருந்து சுமார் மூன்று மீட்டர் வரை. அவ்வாழத்தில் அலையின் இழுப்பு உண்டு. கால் பட்டால் எழும் சேறு உண்டு. கூரிய பாறை உண்டு. படகிலிருக்கும்போது சாரல் உண்டு. வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆதலால் நாம் தீவுகளை அணுகாமல், ஊரை ஒட்டிய கரைக்கடலிலேயே படமெடுப்பது என்று முடிவு செய்தோம். ஆழம் நம் சிக்கல் இல்லை என்பது தெளிவாயிற்று. நெருக்கமும் நேரமுமே நம் சிக்கல்கள்.

மூன்று பேழைகள்

நம் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, நாள் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியப் பேழை. பெரிய காமிராவை உள்ளே வைத்து, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு தண்டு வழியாக வெளியிலிருந்து இயக்கலாம். காட்சித் தரத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் நிலத்தில் தூக்க இரு கைகள் வேண்டும். காமிராவின் ஒவ்வொரு மாதிரிக்கும் தனிப்பேழை வேண்டும். கடல் ஒத்துவராமல் கரையில் காத்திருக்கும் நாள்களுக்கும் வாடகை கட்ட வேண்டும்.

இரண்டாவது, கெட்டியான பிளாஸ்டிக் பை. முன்பக்கம் ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். கையை நுழைக்க விரலுறை போன்ற ஒரு பகுதி இருக்கும். வாய்ப்புறத்தை இரு கம்பிகளுக்கு இடையே வைத்துத் திருகி இறுக்க வேண்டும். விலை குறைவு; காமிரா மாறினாலும் பை மாறாது. குறை என்னவெனில், உள்ளிருக்கும் காற்றால் பை மிதக்கும். அமிழ்த்த ஈயக்கட்டி வேண்டும். சில மீட்டர் கீழே போனால் நீர் பையைக் காமிராவோடு ஒட்டி அமுக்கி, நாம் தொடாத பொத்தானையும் தானே அழுத்திவிடும்.

மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் சிறு காமிரா. இவற்றுட் பல, பேழையின்றியே பத்து மீட்டர் வரை தாங்கும் என்று விற்கப்படுகின்றன. மேலும் ஆழம் செல்வோர்க்குத் தனியே ஒரு கெட்டிப் பேழையும் கிடைக்கிறது. மங்கிய ஒளியில் காட்சி சற்றுக் கரகரப்பாக இருக்கும். ஒரு கையால் இயக்கலாம் என்பது இதன் பெரும்பேறு.

அழுத்தம் என்பதைப் பலர் வெறும் எண்ணாகக் கருதுகின்றனர். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது, பத்து மீட்டர் ஆழத்தில், கூடுதலாக ஏறத்தாழ ஒரு கிலோ எடை அமர்கிறது. பேழையின் பின்கதவு இருபது சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உடையதாயின், அதன் மீது அமரும் எடை நானூறு கிலோ. மூதாட்டியின் மூன்று மீட்டரிலும் அது நூற்றிருபது கிலோ. அலையில் குதிக்கும்போதும் பாறையில் இடிக்கும்போதும் ஒரு கணம் இது இன்னும் மிகும். பெட்டியில் எழுதிய ஆழத்தின் விளிம்புவரை செல்லாமல், பாதியிலேயே நின்றுகொள்வது அறிவுடைமை.

சாளரமும் உண்மையும்

பேழையின் விலையில் அதன் சாளரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தட்டையான கண்ணாடி வழியே நீருக்குள் பார்த்தால், ஒளி விலகுவதால் பொருள்கள் நாற்கூற்றில் ஒரு கூறு நெருங்கியும், மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் தெரியும். பார்வைக் கோணமும் குறுகும். பாதிக் குமிழ் போன்ற வளைந்த சாளரம் இட்டால் கோணம் குறுகாது. நீரின் மேலும் கீழும் ஒரே சட்டத்தில் வரவேண்டும் என்போர்க்குப் பெரிய குமிழே தேவை. சிறிய சாளரத்தின் முன் ஓர் அற்ப அலையும் சுவராக நின்று மறைத்துவிடும்.

பெரிய குமிழ் நம்மையும் ஈர்த்தது. ஆனால் நமக்கு வேண்டிய காட்சி எது என்று கேட்டுக்கொண்டோம். பாறை இடுக்கில் நுழையும் விரல்கள். பாசியைப் பிய்க்கும் கணம். மூச்சு முடியும்போது மேலே திரும்பும் முகம். இவற்றுக்கு ஒரு கை நீளத்துக்குள் நெருங்க வேண்டும். கலங்கிய கடலில் வேறு வழியும் இல்லை. காமிராவுக்கும் பொருளுக்கும் இடையே நீர் குறையக் குறையத்தான் காட்சி தெளிவு பெறும். 2020-இல் வெளிவந்து மறு ஆண்டு ஆஸ்கார் விருது பெற்ற 'மை ஆக்டோபஸ் டீச்சர்' என்னும் ஆவணப்படத்தைக் கண்டவர்கள் இதனை உணர்வர். தென்னாப்பிரிக்கக் கடலில் கிரெய்க் ஃபாஸ்டர் மூச்சுக்கருவியின்றி, குளிர்காப்பு உடையும் இன்றி மூழ்கி, ஓர் எண்காலியிடம் மீண்டும் மீண்டும் சென்றார். அப்படத்தின் வலிமை அந்த அண்மையில் உள்ளது.

இழையளவு

பேழை எத்தனை உறுதியான உலோகத்தால் ஆனாலும், நீரைத் தடுப்பது கதவின் விளிம்பில் பதிந்திருக்கும் ஒரு ரப்பர் வளையமே. பிரஷர் குக்கரின் கேஸ்கட்டை அறிந்த நம் இல்லத்தரசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அதன்மீது ஒரு சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தாலும் ஆவி சீறி வெளியேறும். இங்கோ ஒரு தலைமயிர், ஒரு மணல் துகள், துணியிலிருந்து பிரிந்த ஒரு நூல் போதும்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஆழம் கூடக் கூட நீரே அவ்வளையத்தை அதன் பள்ளத்துக்குள் நெருக்கி, அடைப்பை வலுப்படுத்துகிறது. அழுத்தம் குறைந்த கரையோர நீரில்தான் சரியாகப் பதியாத வளையம் கசியும். 'சும்மா முழங்கால் தண்ணிதானே' என்று சொல்வோர் இதனை நினைவிற் கொள்க.

வளையத்தைக் கழற்ற ஊசியோ கத்தியோ கூடாது. விரலால் தள்ளி எடுக்க வேண்டும். பஞ்சால் துடைத்தால் இழை ஒட்டும்; சுத்தமான விரலால் தடவிப் பார்ப்பதே நல்லது. கண்ணுக்குத் தெரியாத துகள் விரலுக்குத் தெரியும். தயாரித்தவர் குறிப்பிட்ட பசையை மட்டுமே பூச வேண்டும்; பொருந்தாத பசை ரப்பரை ஊதச் செய்யும். அதையும் வளையம் பளபளக்கும் அளவுக்குப் பூசினால் போதும். அதிகமாகப் பூசினால் காப்பு கூடும் என்று எண்ணுவது தவறு. பசை மணலைக் கூப்பிட்டு இருத்திக்கொள்ளும்.

உள்ளே பிறக்கும் நீர்

வெளிநீரைத் தடுத்தாயிற்று, உள்ளேயே பிறக்கும் நீருக்கு என்ன செய்வது? நம் கடற்கரைக் காற்று ஈரம் நிறைந்தது. அக்காற்றோடு பேழையை மூடி, வெயிலில் சூடேற வைத்து, பின் கடலில் இறக்கினால், சாளரம் குளிர்ந்து உட்புறம் பனி படரும். வளையத்தில் குறையில்லை, பேழையில் ஓட்டையில்லை. ஆயினும் கண் குருடாகும்.

இதற்கு மாற்று எளியது. குளிர்சாதன அறையில் காற்றின் ஈரம் குறைவு. அங்கேயே காமிராவை அடைத்துவிட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உடன் வைக்க வேண்டும். புதுக் காலணிப் பெட்டியிலும் மாத்திரைப் புட்டியிலும் வரும் அதே மணிகள்தாம். கடலுக்குப் போகும் வழியில் பேழையை ஈரத்துணியால் போர்த்தி, நிழலில் வைக்க வேண்டும். இடையில் ஆசைக்காகத் திறந்து பார்க்கக் கூடாது.

கிணற்றில் ஒரு சோதனை

கடலுக்குப் போகுமுன், பையையும் சிறு பேழையையும் காமிரா இன்றிச் சோதித்தோம். காகிதக் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்து மூடி, முதலில் குளியல் தொட்டியில் அரை மணி நேரம் அமிழ்த்தினோம். பின் ஒரு வீட்டுக் கிணற்றில், கல் கட்டிக் கயிற்றில் இறக்கினோம். மேலே எடுத்துத் துடைத்துத் திறந்தபோது, சிறு பேழையிலிருந்த காகிதம் காய்ந்தே இருந்தது. பையிலிருந்த காகிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது. விளக்கைப் பிடித்துத் தேடியதில், வாய்ப்புற மடிப்பில் ஒரு மணல் கண்டோம். துடைத்து மூடி மீண்டும் இறக்கினோம், காகிதம் நனையவில்லை. காகிதக் கைக்குட்டையின் விலையில் இதைவிடச் சிறந்த காப்பீடு இல்லை.

நம் தேர்வு இவ்வாறு அமைந்தது. படகிலும் நீர்விளிம்பிலும் பெரிய காமிராவைப் பையில் இட்டுப் பயன்படுத்துவது. நீருக்குள் சிறு காமிரா. அதுவும் ஒன்றுக்கு இரண்டு. பேழையின்றியே மூன்று மீட்டரைத் தாங்கக்கூடிய சிறு காமிராக்களுக்கும் கெட்டிப் பேழை இட்டோம். பாறை கீறினால் பேழையின் சாளரம் கீறட்டும், அதனை மாற்றலாம். வாடகைப் பேழை ஒன்றின் மேன்மையை விட, இரண்டு எளிய பேழைகளின் உறுதியே நமக்குத் தேவைப்பட்டது. ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று பார்த்துக்கொண்டிருக்கும். மறுமுறை இல்லாத காட்சிக்கு இதுவே முறை என்று துணிந்தோம்.

பேழைக்குள் இருக்கும் ஒலிவாங்கிக்கு நீரின் முனகலும் பேழையின் கிறீச்சொலியுமே கேட்கும். ஆதலால் மூதாட்டியின் குரலைக் கரையில், அவர் பாசியைக் காயவைக்கும்போது தனியே பதிவு செய்தோம்.

துணி சுற்றிய விரல்கள்

படமெடுக்கும் நாள் காலையில், நாம் வளையத்தைத் தடவிப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே, அவர் தம் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். பழைய சேலையைக் கிழித்த கீற்றுகள். பாறையும் சிப்பியும் அறுக்காதிருக்க அந்தக் காப்பு. ஒரு விரலைச் சுற்றியவர், மடக்கிப் பார்த்தார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"ஏன் அம்மா அவிழ்த்தீர்கள்?" என்று கேட்டோம்.

"இறுக்கிக் கட்டுனா பாசி எது பாறை எதுன்னு வெரலுக்குத் தெரியாது தம்பி. தளத்திக் கட்டுனா அலையில அவுந்துரும். தெரியவும் வேணும், அறுக்கவும் கூடாது" என்றார்.

பேழைகளைப் பற்றிப் பல வாரம் படித்த நமக்கு, அவற்றின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு விடையில் இருந்தது. காக்க வேண்டும், ஆனால் தொடும் உணர்வைக் கெடுத்துவிடக் கூடாது. தடித்த காப்பு எதுவும் நல்ல காப்பு என்று கொள்ளும் மனம் நம் எல்லாரிடமும் உண்டு. பிள்ளைகளை வளர்ப்பதிலும், முதியோரைப் பேணுவதிலும், அயலாரோடு பழகுவதிலும் நாம் அப்படித்தான் இருக்கிறோம். கீறல் படாதிருக்க எத்தனையோ சுற்றுச் சுற்றிக்கொள்கிறோம். கடைசியில் விரலுக்கு எதுவும் தெரிவதில்லை.

நான்கு நாள்கள் படமெடுத்தோம். கதிரவன் உச்சியை நெருங்கும் வேளையில் ஒளி நேராக இறங்கி, நீரடிப் பாறைமீது வலைபோல ஆடியது. அவ்வளவு குறைந்த ஆழத்தில் விளக்கு வேண்டியிருக்கவில்லை. சேறு எழாதிருக்கக் காலை மடக்கி, அவருக்குப் பக்கவாட்டில் இருந்துகொண்டோம். சிறு காமிரா ஆனபடியால், சற்று நேரத்தில் அவர் அதனை மறந்தே போனார். மூன்றாம் நாள் ஒரு சிறு காமிரா இயங்க மறுத்தது. நீர் புகவில்லை, வெறும் சூடேற்றம். மற்றதைக் கொண்டு வேலை தொடர்ந்தது. ஒவ்வொரு மாலையும் பேழைகளை நன்னீர் வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீருக்குள்ளேயே பொத்தான்களை அமுக்கி உப்பைக் கரைத்து, நன்கு துடைத்து உலர்ந்த பின்னரே திறந்தோம். உப்பு காய்ந்து படிகமானால், அடுத்த நாள் அதுவே வளையத்தை அறுக்கும் கத்தி.

படம் முடிந்ததும் முதலில் அவர் வீட்டில், சுவரில் வேட்டி கட்டித் திரையிட்டோம். பேத்தி தரையில் அமர்ந்து பார்த்தாள். பாட்டி மூழ்கும் நீண்ட காட்சி ஒன்று வந்தது. வெட்டாமல் முழுதாக வைத்திருந்தோம். மூழ்கியவர் மேலே வரும்வரை அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்று. அதற்குப் பின் படம் ஓடிக்கொண்டிருக்க, அவள் திரையைப் பார்க்கவில்லை. பாட்டியின் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பருவத்தோடு மூதாட்டி கடலில் இறங்குவதை நிறுத்திவிட்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு

ஐப்பசி மழையில் தேர்ப்பவனியைப் படமெடுப்போரும், வெள்ளத்தில் துயருறும் ஊரை உலகுக்குக் காட்ட விழைவோரும், அருவியில் குளிக்கும் பிள்ளைகளைப் பதிவு செய்ய விரும்பும் பெற்றோரும் நம்மிடம் கேட்பதுண்டு: எதை வாங்கலாம்? நாம் பதிலுக்கு வினாக்களையே தருகிறோம். உங்கள் நீர் எது? மழைக்கு மட்டுமாயின், நல்ல மழையுறையும் ஒரு குடையும் கண்ணாடி துடைக்க இரண்டு உலர்துணிகளும் போதும், பெருந்தொகை வேண்டாம். நீரில் இறங்குவீர்களாயின், யாரோடு இறங்குவீர்கள், அவரை எவ்வளவு நெருங்க வேண்டும்? கருவி பழுதானால் மறுநாள் எடுக்க முடியுமா, முடியாதா? முடியாதென்றால், விலையுயர்ந்த ஒன்றை விட எளிய இரண்டே நலம். கைப்பேசியை உறையில் இட்டு அமிழ்த்துவீர்களாயின், நீருக்குள் தொடுதிரை இயங்காது. மேலேயே பதிவைத் தொடங்கிவிட்டு இறக்குங்கள். நாள்தோறும் வளையத்தைத் தடவிப் பார்க்கும் பொறுமை உங்களிடம் உண்டா? இல்லையெனில் எந்தப் பேழையும் உங்களுக்கு உகந்ததில்லை.

இவற்றுக்கு விடை சொல்லிக்கொண்டால், கடைக்காரர் காட்டும் ஆழத்தின் எண் தானே சிறுத்துவிடும். பின் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு காகிதக் கைக்குட்டையை உள்ளே வைத்து மூடி, முதலில் கிணற்றில் இறக்குங்கள்.